சமணர் மலை (கீழக்குயில்குடி)

மதுரை - தேனி சாலையில், நாகமலை புதுக்கோட்டைக்குத் தெற்கே கீழக்குயில்குடி ஊரை ஒட்டி அமைந்துள்ளது சமணர் மலை. சமணத் துறவியர் பல நூற்றாண்டுகள் தங்கி வாழ்ந்த மலை இது. கல்வெட்டுகளில் திருவுருவகம் என்ற பெயரும் வழங்குகிறது. இந்திய அரசின் தொல்லியல் துறை இதைப் பாதுகாத்து வருகிறது.

புத்தரா, தீர்த்தங்கரரா?

பாறையில் தியான நிலையில் அமர்ந்த உருவங்களைக் காண்போர் பலர் அவற்றைப் புத்தர் என்று கருதுவதுண்டு. இவை சமணத் தீர்த்தங்கரர்களின் திருமேனிகள். புத்தர் ஆடை அணிந்தவராகக் காட்டப்படுவார். திகம்பரத் தீர்த்தங்கரர்களுக்கு ஆடை இல்லை. தலைக்கு மேல் அமைந்த முக்குடையும் சமணத்தின் அடையாளமாகும். ஐந்தலை நாகம் குடைபிடிக்க நிற்பவர் பார்சுவநாதர்.

செட்டிப்புடவு

மலையின் தென்மேற்குச் சரிவில் உள்ள குகை செட்டிப்புடவு எனப்படுகிறது. புடவு என்றால் குகை. குகையின் வெளியே பாறையில் பெரிய மகாவீரர் உருவம் உள்ளது. இதன் நீண்ட காதுகளைக் கண்ட ஊர்மக்கள் செட்டியார் என்று அழைத்ததால் குகைக்கு இப்பெயர் வந்தது என்பர். உருவத்தின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு உண்டு. குகையின் உட்பகுதியில் தீர்த்தங்கரர்களோடு, சிங்கத்தின் மீதமர்ந்து யானைவீரனோடு போரிடும் இயக்கியின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

பேச்சிப்பள்ளமும் பெரும்பள்ளியும்

அடிவாரத்து ஐயனார் கோயிலிலிருந்து படியேறினால் சுனையை ஒட்டிய பேச்சிப்பள்ளத்தை அடையலாம். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி உள்ளிட்ட எட்டு உருவங்கள் இங்கு வரிசையாக அமைந்துள்ளன. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகள் இவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களைத் தருகின்றன. ஓர் உருவத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதி. இப்பள்ளியின் பொறுப்பில் இருந்த குணசேனதேவரின் மாணாக்கர்களும் குரண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்தவர்களும் பிற கொடையாளர்களாகக் குறிக்கப்படுகின்றனர்.

இதற்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற கோயிலின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில், அவன் தேவி வானவன்மாதேவியின் பெயரால் இது எழுப்பப்பட்டது. மலையுச்சியில் விளக்குத்தூணும், சமண ஆசிரியர்களின் பெயர்களைக் கூறும் பிற்காலக் கன்னடக் கல்வெட்டும் உள்ளன.

பள்ளி என்ற சொல் அக்காலத்தில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. இன்று அது கல்விக்கூடத்தின் பெயராக வழங்குகிறது.

இதைவிடப் பழமையானது அருகிலுள்ள முத்துப்பட்டிப் பெருமாள்மலை. அங்குள்ள குகையில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. அவற்றில் நாகபேரூர், முசிறி ஆகிய ஊர்ப்பெயர்கள் வருகின்றன. முசிறி சேரநாட்டின் புகழ்பெற்ற துறைமுகம்.

புராணமும் கல்வெட்டும்

சமணர் ஏவிய பாம்பு சிவபெருமானின் அருளால் வீழ்ந்து நாகமலையானது என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. யானைமலைக்கும் பசுமலைக்கும் இவ்வாறே கதைகள் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சமணரை வாதில் வென்றதையும், தோற்றவர்கள் கழுவேறியதையும் பெரியபுராணம் பாடுகிறது. இவற்றை மட்டும் படிப்பவர், அத்துடன் மதுரையில் சமணம் முற்றிலும் அழிந்தது என்றே எண்ணுவர்.

சமணர் மலை வேறொரு வரலாற்றைச் சொல்கிறது. சம்பந்தர் காலத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இங்கு ஆசிரியர்களும் மாணாக்கர்களும் இருந்தனர். தாய்மார்கள் திருமேனிகள் செய்வித்தனர். பாண்டிய அரசியின் பெயரால் பெரும்பள்ளி எழுந்தது. சமணம் அரசின் ஆதரவை ஒரே நாளில் இழக்கவில்லை என்பதும், அதன் தேய்வு மெல்லவே நிகழ்ந்தது என்பதும் இதனால் தெளிவாகும்.

இன்றைய நிலை

மதுரை மாவட்டத்தின் பல குன்றுகள் கிரானைட் குவாரிகளால் சிதைந்துள்ளன. பாறையை உடைத்தால் அதில் உள்ள எழுத்தும் அழிந்துபோகும். குணமதியின் பெயரை இன்று நாம் அறிவது ஒரு பாறையில் பொறித்த சில வரிகளால்தான். ஆகவே இங்கு வருவோர் உருவங்களைத் தொட்டுத் தேய்க்காமலும், பாறைகளில் தம் பெயரைக் கிறுக்காமலும் பார்த்துச் செல்ல வேண்டும்.