தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு யார் முதலாளி?

திருவிழா நெருங்குது. கூட்டத்துல ஒருத்தர், "நம்ம ஆளுங்க அந்தக் காலத்துலேயே குடிகாரங்கதானே, தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்துச்சே"னு சொன்னார். சிலர் சிரிச்சாங்க. எங்களுக்குச் சிரிப்பு வரல. கோலா குபு பாரு, கெர்லிங், களும்பாங், ராசா, பத்தாங்காலி, அந்தப் பக்கம் கோலா சிலாங்கூர்னு தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க நம்மில் நிறைய பேர். அதனால அந்தக் கடைகளோட கதையை இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

முதல்ல கள்ளைப் பற்றி. தென்னம்பாளையைச் சீவி, கலயம் கட்டி இறக்குவது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிப்பான பதநீர். தடவாவிட்டால் தானாகவே புளித்து, சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். ரெண்டு நாள் வைத்தால் காடிதான். சாராயம் மாதிரி தூரத்திலிருந்து கொண்டுவந்து அடுக்கி வைக்க முடியாது. அன்னன்னைக்கு இறக்கி அன்னன்னைக்கு விற்கணும். அதனால்தான் லயத்துக்குப் பக்கத்திலேயே கடை இருந்துச்சு.

இனி முக்கியமான கேள்வி. அந்தக் கடைக்கு முதலாளி யார்? கவுண்டர்ல நின்று ஊற்றிக் கொடுத்தவர் நம்ம ஆள்தான். ஆனா அவர் சம்பளத்துக்கோ குத்தகைக்கோ நின்றவர். லைசென்ஸ் கொடுத்தது ஆங்கிலேய அரசாங்கம், கடையை நடத்தியது தோட்ட நிர்வாகம். டவுன்ல அரசாங்கக் கள்ளுக்கடைகளே இருந்தன. 1930களில் பால் வெட்டும் ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசை ஒட்டித்தான், பொம்பளைக்கு அதுக்கும் கீழே. விடியக்காலை பெரட்டுக்குப் போய், வெயிலிலும் கொசுக்கடியிலும் உழைத்துத் திரும்புறவனுக்கு வேற என்ன இருந்தது? சினிமா இல்லை, நூலகம் இல்லை. கடை மட்டும் வாசல்ல இருந்துச்சு. துரை கையால் வாங்கின கூலி, துரையோட கடை வழியா திரும்பிப் போச்சு.

அந்த லாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். விளையாட்டுத் திடல், திருவிழா, கோயில் காரியம் என்று அதிலிருந்து செலவானது. இதைச் சொன்னால் சிலருக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா யோசிங்க, அது துரை போட்ட தர்மம் இல்லை. நம்ம தாத்தா குடிச்ச காசு, பாட்டி கையில் சேராம போன காசு. அதில் ஒரு பங்குதான் கோயிலுக்கு வந்தது.

நம்ம ஆளுங்க இதைச் சும்மா பார்த்துக்கிட்டும் இருக்கல. 1941ல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் இந்தியர் சங்கம் முன்னே நின்றது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, வைத்தியம், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு என்று கேட்டார்கள். பெண் தொழிலாளரிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அதே பட்டியலில் இதுவும் இருந்தது: கள்ளுக்கடைகளை மூடு. குடிக்கிறவங்களே கடையை மூடச் சொன்னாங்க, கவனிங்க. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஆர்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947ல் பீடோங்கில் அந்த மறியலில் போலீசோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரையே விட்டார். நம் தாய்நாட்டிலும் அதே கால கட்டத்தில் இந்தக் குரல்தான். 1937ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்.

கடைசியில் கள்ளுக்கடைகள் எப்படிப் போச்சு? பெரும்பாலும் போராட்டத்தால் இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றாங்க, பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டாங்க, பிறகு தாமான் வந்தது. லயம் போச்சு, கடையும் சேர்ந்து போச்சு. ஆனா குடி போகல. கள்ளு இருந்த இடத்துக்குச் சம்சு வந்தது. சின்ன போத்தல், மலிவான விலை, கள்ளைவிடப் பல மடங்கு கடுமை. அதில் எத்தனை குடும்பம் அழிந்தது என்று உங்கள் வீதியிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, நம்ம பெரியவங்களைக் குடிகாரக் கூட்டம்னு இனி யாரும் கேலி பேச வேண்டாம். கடையை வாசலில் வைத்தது அவங்க இல்லை. மூடச் சொல்லி அடி வாங்கினதும் அவங்கதான்.

இரண்டு, இந்தத் திருவிழாவில் காவடி, பால்குடம் எடுக்கிறவங்க, கூட வர்ற இளைஞர்கள், யாரும் குடித்துவிட்டு கோயில் வளாகத்துக்குள் வரக்கூடாது. காவல் தெய்வத்துக்குப் படையல்னு சொல்லி போத்தல் கொண்டு வர்றதும் வேண்டாம். அப்படியும் தள்ளாடிக்கிட்டு யாராவது வந்தால் தொண்டர்கள் அவரை அடிக்கவோ திட்டவோ கூடாது. உட்கார வைத்து, மோர் கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விடுங்க. மறுநாள் போய்ப் பேசுங்க. 1941ல் துப்பாக்கிக்கு முன்னால் நின்று கேட்டதை, நாம் சண்டை இல்லாமலே செய்து முடிக்கலாம்.

தோட்டத்துக் கள்ளுக்கடையை நேரில் பார்த்த பெரியவங்க வீட்டில் இருந்தால், இந்தப் பதிவை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவங்க சொல்றதைக் கீழே எழுதுங்க.

ஓம் சக்தி.