டீசலா, பெற்றோலா? பிக்கப் வண்டியின் எஞ்சின் வரலாறு

முன்னே ஓட்டுநர் இருக்கும் மூடிய அறையும், பின்னே பொருள் ஏற்றும் திறந்த பெட்டியுமாக அமைந்த சிறு பார வாகனத்தைப் பிக்கப் என்று வழங்குகின்றோம். கமக்காரரும், கட்டட வேலை செய்வோரும், சிறு வணிகரும் தம் சேமிப்பின் பெரும்பகுதியை ஒரே நாளில் எண்ணிக் கொடுத்து வாங்கும் பொருள் அது. வாங்கச் செல்பவர் முன் எழும் முதல் வினா, டீசல் எஞ்சினா, பெற்றோல் எஞ்சினா என்பதே. நண்பரும் அயலவரும் இதற்கு உடனே விடை கூறிவிடுவர். ஒருவர் கூறும் விடை மற்றவர் விடைக்கு நேர்மாறாக இருக்கும். பிக்கப் வாகனம் பெருவழக்காய் வளர்ந்த அமெரிக்க நாட்டில் மக்கள் அரை நூற்றாண்டாக இவ்வினாவுக்கு விடை தேடி வந்திருக்கின்றனர். விடை தவறியமையால் பொருள் இழந்தோரும் அவர்களுள் உளர். அவர்களது வரலாற்றை அறிந்தோர்க்குத் தமக்குரிய விடையைத் தாமே காண்பது எளிதாகும்.

முதற்கண் இவ்விரு எஞ்சின்களின் இயல்பை நோக்குவோம். பெற்றோல் எஞ்சினின் உருளைக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை அமுக்கப்படுகின்றது. மின்பொறி ஒன்று தோன்றி அதனைப் பற்றவைக்கின்றது. கலவையை அளவுக்கு மிஞ்சி அமுக்கினால் பொறி தோன்றுமுன்னரே அது தானாக எரிந்துவிடும். ஆதலின் பெற்றோல் எஞ்சினில் அமுக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. டீசல் எஞ்சினிலோ காற்று மாத்திரமே அமுக்கப்படுகின்றது. இருந்த இடத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு அது நெருக்கப்படும்போது பெருவெப்பம் அடைகின்றது. அவ்வெப்பத்தினுள் எண்ணெயைத் தெளித்த மாத்திரத்தே அது தானே பற்றிக்கொள்கின்றது. மிகுந்த அமுக்கத்தினால் எரிபொருளின் ஆற்றலில் கூடிய பங்கு வேலையாக மாறுகின்றது. அன்றியும், ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய ஆற்றல் ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதைக் காட்டிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் அதிகம். டீசலின் சிக்கனம் இவ்விரு காரணங்களாலும் விளைவது. ஆனால் அவ்வமுக்கத்தைத் தாங்குவதற்கு எஞ்சினின் உறுப்புக்கள் தடித்தனவாயும் பாரமானவையாயும் இருத்தல் வேண்டும். அதனால் விலையும் உயர்கின்றது. டீசலின் சிக்கனம், வலிமை, பாரம், விலை ஆகிய நான்கும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றை மாத்திரம் பெற்றுக்கொண்டு ஏனையவற்றை விலக்க இயலாது. இதனை மறந்தமையால் வந்த கேட்டினைப் பின்னர்க் காண்போம்.

ஜெர்மனியரான நிக்கொலாஸ் ஒட்டோ 1876இல் நான்கு வீச்சு எஞ்சினை இயக்கிக் காட்டினார். அவ்வழியில் வந்த பெற்றோல் எஞ்சினைப் பூட்டி கொட்லீப் டைம்லர் 1896இல் முதலாவது மோட்டார் லொறியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு அடுத்த ஆண்டிலே, ஒக்ஸ்பேர்க் நகரில் ருடோல்ப் டீசல் என்னும் பொறியியலாளர் தமது எஞ்சினை அறிஞர் முன்னிலையில் சோதனைக்கு விட்டார். எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றிற்று. அக்கால நீராவி எஞ்சின்களுள் பல அதில் பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆயினும் டீசலின் எஞ்சின் ஆளுயரத்தைக் கடந்து நின்ற இரும்புக் கோபுரம் போன்றது. எண்ணெயை உருளைக்குள் ஊதிச் செலுத்துவதற்கே தனியொரு காற்றழுத்தப் பொறி அதற்குத் தேவைப்பட்டது. ஆகவே அது தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலும் நிலைபெற்றது, வீதிக்கு வரவில்லை. 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலிற் கடக்கும்போது டீசல் மறைந்து போனார். தமது எஞ்சின் லொறியில் ஓடுவதைக் காண அவர் இருக்கவில்லை.

அந்நாள் 1923, 1924ஆம் ஆண்டுகளில் வந்தது. ஜெர்மனியில் பென்ஸ், மான் ஆகிய நிறுவனங்கள் டீசல் லொறிகளை வெளியிட்டன. 1927இல் ரொபேட் பொஷ் நிறுவனம் எண்ணெய் தெளிக்கும் பம்பியைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிற்று. பெரிய காற்றழுத்தப் பொறியின் இடத்தைக் கைக்கடக்கமான ஒரு பம்பி பிடித்தது. அதன் பின்னரே டீசல் எஞ்சின் வீதியில் உறுதியாகக் காலூன்றியது.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே 1925இல் போர்ட் நிறுவனம் தனது ரீ மொடல் காரின் பின்புறத்தில் பெட்டி பூட்டிய பிக்கப் ஒன்றை 281 டொலருக்கு விற்றது. அதன் பெற்றோல் எஞ்சினின் ஆற்றல் 20 குதிரைவலு மாத்திரமே. கமக்காரருக்கு அது போதியதாயிருந்தது. டீசலின் சிக்கனத்தை அமெரிக்கர் அறியாதிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. 1930ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் கிளெசி கமின்ஸ் என்பவர், படகுகளுக்கென அமைத்த டீசல் எஞ்சின் ஒன்றைக் காரிற் பூட்டி, இந்தியானாபொலிஸ் நகரிலிருந்து நியூயோர்க் வரை ஓட்டிச் சென்றார். எண்ணெய்ச் செலவு 1 டொலர் 38 சதம். நாடெங்கும் அதனை வியந்தனர். ஆயினும் தம் வாகனத்தை மாற்ற எவரும் விரையவில்லை. பெற்றோல் மலிவாகக் கிடைத்த நாட்டிலே, ஓசையும் பாரமும் விலையும் மிகுந்த எஞ்சினைச் சிறு வாகனத்துக்கு எவர் தேடுவர்? பெரும் லொறிகள் டீசலுக்கு மாறின. பிக்கப் பெற்றோலுடன் நின்றது.

1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. 1979இல் ஈரானியப் புரட்சியை ஒட்டி மறுபடியும் தட்டுப்பாடு ஏற்பட்டது. எரிபொருள் நிலையங்களின் வாயிலில் வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றன. 1973இல் கலன் ஒன்று 40 சதத்துக்குக் குறைவாக விற்ற பெற்றோல், 1981இல் 1 டொலர் 30 சதத்தைக் கடந்தது. இதனிடையே 1975இல் இயற்றப்பட்ட சட்டமொன்று எரிபொருட் சிக்கனத்தை உற்பத்தியாளர் மீது கடமையாக்கியிருந்தது. மக்களும் நிறுவனங்களும் ஒருசேர டீசலை நாடினர்.

இவ்வேளையில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஒல்ட்ஸ்மொபீல் பிரிவு, 5.7 லீற்றர் டீசல் எஞ்சின் ஒன்றை 1978ஆம் ஆண்டு வாகனங்களில் வெளியிட்டது. கார்களிலும் இலகு பிக்கப் வாகனங்களிலும் அது பூட்டப்பட்டது. இருந்த பெற்றோல் எஞ்சினின் வடிவத்தைத் தழுவி அது அமைக்கப்பட்டது. உடற்பகுதியைத் தடிப்பாக்கினர். ஆனால் உருளைகளின் தலைப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் ஆணிகளின் தொகையையும் ஒழுங்கையும் பழைய பெற்றோல் எஞ்சினில் இருந்தவாறே விட்டனர். பழைய இயந்திர சாதனங்களைக் கொண்டே புதிய எஞ்சினைச் செய்துவிடலாம் என்பது நோக்கம். 22 மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தை அவ்வாணிகள் தாங்கவில்லை. அவை நீண்டன, தலைப்பகுதி நெகிழ்ந்தது, குளிர்நீர் உருளைக்குள் கசிந்து எஞ்சின் நொறுங்கிற்று. எண்ணெயிற் கலந்திருக்கும் நீரைப் பிரித்தகற்றும் கருவியும் வைக்கப்படவில்லை. அந்நீர் பம்பியை அரித்தது. பெற்றோல் வாகனங்களையே பழகிய திருத்துநர் பலர்க்கு நோயின் மூலம் விளங்கவில்லை. 1985உடன் அவ்வெஞ்சின் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டிலே பெற்றோல் விலையும் ஒரு டொலருக்குக் கீழே இறங்கிற்று. விலை உயர்வுக்கு அஞ்சி வாங்கியோர் எஞ்சினையும் இழந்தனர். எதிர்பார்த்த மிச்சத்தையும் காணவில்லை.

டீசலின் சிக்கனத்தைக் கேட்டு அதன் பாரத்தையும் செலவையும் தவிர்க்க முயன்றமையே இத்தோல்வியின் காரணம் என்க. அதே நிறுவனம் 1982இல் தொடக்கத்திலிருந்தே டீசலாக வகுத்த 6.2 லீற்றர் எஞ்சினைத் தனது பிக்கப் வாகனங்களுக்குக் கொடுத்தபோது, அது 130 குதிரைவலுவே உடையதாயினும் அமெரிக்க இராணுவம் ஏற்றுப் பயன்படுத்தும் அளவுக்கு நிலைத்து நின்றது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 1989இல் நடந்தது. கிளெசி கமின்ஸ் நிறுவிய கமின்ஸ் நிறுவனத்தின் 5.9 லீற்றர் எஞ்சினை டொட்ஜ் நிறுவனம் தனது பிக்கப்பில் ஏற்றிற்று. உழவு இயந்திரங்களுக்கும் தொழிற்கருவிகளுக்குமென ஆக்கப்பட்ட எஞ்சின் அது. அதன் நிறை ஏறக்குறைய ஆயிரம் இறாத்தல். அதன் ஆற்றல் 160 குதிரைவலு மாத்திரமே. அந்நாளைய பெரிய பெற்றோல் எஞ்சின்கள் இதனை மிஞ்சியிருந்தன. ஆனால் சில்லைச் சுழற்றும் முறுக்குவிசை, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே, 400 இறாத்தல் அடி இருந்தது. பாரமான இழுவைப் பெட்டியைப் பூட்டி மேட்டில் ஏறுவோனுக்குத் தேவை வேகமன்று, இவ்விசையே. பெற்றோல் மலிந்திருந்த காலத்திலேயே அந்த வாகனம் எதிர்பார்த்ததற்கு மேலாக விற்பனையாயிற்று. வாங்கியோர் எண்ணெயின் விலையை நோக்கி வாங்கவில்லை. தாம் இழுக்கவேண்டிய சுமையை நோக்கி வாங்கினர். அவர்கள் ஏமாறவில்லை.

பின்னர் மற்றொரு மாற்றம் வந்தது. டீசற் புகையிலுள்ள கரித்துகளும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் மக்களின் சுவாசத்திற்குத் தீங்கு என்பது தெளிவாயிற்று. அமெரிக்க அரசு 2007இலும் 2010இலும் கடுமையான விதிகளை நடைமுறைப்படுத்திற்று. புகையை வடிக்கும் வடியும், யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் டீசல் வாகனத்திற் சேர்ந்தன. நெடுந்தூரம் ஓடிச் சூடேறும் வாகனத்தில் வடியிற் படிந்த கரி தானே எரிந்து போகும். கடைக்கும் வீட்டுக்குமாகச் சிறு தூரமே ஓடும் வாகனத்தில் அது எரியாது தேங்கி, வடியை அடைத்துவிடும். விலைநிலையும் மாறிற்று. முன்னர்ப் பெற்றோலிலும் மலிவாயிருந்த டீசல், 2004இன் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டில் பெரும்பாலும் பெற்றோலை விஞ்சிய விலைக்கு விற்கலாயிற்று. அங்கே மத்திய அரசின் வரியும் பெற்றோலுக்குக் கலனுக்கு 18.4 சதம், டீசலுக்கு 24.4 சதம். நம் நாட்டிலோ டீசல் பெரும்பாலும் பெற்றோலிலும் குறைந்த விலைக்கே விற்கப்பட்டு வந்துள்ளது. எண்ணெயின் விலை எஞ்சினின் குணமன்று. அரசும் உலகச் சந்தையும் வகுப்பது.

இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்குவேன். டீசல் பிக்கப் 10,000 டொலர் கூடிய விலை என்று கொள்வோம். பெற்றோல் வாகனம் கலனுக்கு 12 மைலும், டீசல் வாகனம் 16 மைலும் ஓடட்டும். இரு எரிபொருளும் கலன் 4 டொலர் ஆயின், அதிகமாகக் கொடுத்த பணம் 120,000 மைல் ஓடிய பின்னரே மீளும். பெற்றோல் மாத்திரம் 50 சதம் மலிந்து 3 டொலர் 50 சதமானால், 240,000 மைல் ஓடவேண்டும். ஆண்டுக்கு 12,000 மைல் ஓடுபவருக்கு முன்னது பத்து ஆண்டு. பின்னது இருபது ஆண்டு. ஐம்பது சத வேறுபாடு பத்து ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றது!

உற்பத்தியாளரும் இக்கணக்கை அறிந்தே நடக்கின்றனர். போர்ட் நிறுவனம் 2018இல் தனது இலகு பிக்கப்புக்கு வழங்கிய டீசல் எஞ்சினை 2021உடன் நிறுத்திற்று. அதே நிறுவனம் பாரமான பிக்கப்புக்கு 2020இல் 7.3 லீற்றர் பெற்றோல் எஞ்சினைப் புதிதாக ஆக்கிக் கொடுத்தது. பெருஞ்சுமை இழுப்போருக்கெனப் பெரிய டீசல் எஞ்சினையும் அது கைவிடவில்லை.

ஆகவே, நேயர்களே, வாங்கச் செல்பவர் எண்ணெயின் இன்றைய விலையை முதலிற் கேட்பது முறையன்று. என் வாகனம் என்ன சுமை சுமக்கும்? எத்தனை மைல் ஓடும்? இடைவிடாது ஓடுமா, நின்று நின்று ஓடுமா? பழுதுற்றால் திருத்த வல்லவர் அருகில் உளரா? இவ்வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். பெருஞ்சுமையும் நெடும்பயணமும் உடையோர்க்கு டீசல் துணை நிற்கும். இலகுவான சுமையும் குறுகிய ஓட்டமும் உடையோர்க்குப் பெற்றோல் போதும். ருடோல்ப் டீசல் தமது எஞ்சினை எண்ணத் தொடங்கிய காலத்தில், பெருந்தொழிற்சாலைகளின் முன் நலிந்த சிறு தொழிலாளர்க்கு அது கைகொடுக்கும் என்று நம்பினார். தன் தொழிலின் அளவை அறிந்து எஞ்சினைத் தெரிபவனுக்கு அந்நம்பிக்கை இன்றும் பொய்ப்பதில்லை.