தனி உறுப்பு (கரிம வேதியியல்)

இணைசேராத எலக்ட்ரானைக் கொண்ட அணு அல்லது அணுத்தொகுதி தனி உறுப்பு எனப்படும். சகப்பிணைப்பு சீராகப் பிளந்து, அதிலிருந்த இரு எலக்ட்ரான்களும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும்போது இது உண்டாகிறது. கார்பன் நேரயனி, கார்பன் எதிரயனி, கார்பீன் ஆகியவற்றைப் போல இதுவும் ஒரு வினை இடைநிலைப் பொருள். தமிழகப் பாடநூல்கள் தனி உறுப்பு என்பதை இலங்கைப் பாடநூல்கள் சுயாதீன மூலிகம் என்கின்றன. 

19ஆம் நூற்றாண்டில் ‘உறுப்பு’ (radical) என்ற சொல், சேர்மத்துக்குச் சேர்மம் குலையாமல் இடம் மாறும் தொகுதியைக் குறித்தது. அப்படியொரு தொகுதியைத் தனியே பிடித்துவிட எட்வர்டு ஃபிராங்க்லாந்து 1849இல் எத்தில் அயோடைடைத் துத்தநாகத்துடன் சூடாக்கினார். எத்தில் தொகுதி தனித்து நிற்கவில்லை. ஆனால் அம்முயற்சியில் டைஎத்தில் துத்தநாகம் என்ற அருமையான வினைப்பொருள் கிடைத்தது. கார்பனின் இணைதிறன் நான்கு என்பது நிலைபெற்றபின், மூன்றே பிணைப்புகளுடன் கார்பன் இருக்க இயலாது என்ற கருத்து வேரூன்றியது.

அதை அசைத்தவர் மோசஸ் காம்பெர்க் (1866–1947). இன்றைய உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹெக்சாஃபீனைல் ஈத்தேனைத் தயாரிக்க முனைந்தார். டிரைஃபீனைல்மெத்தில் குளோரைடு வெள்ளித் தூளுடன் வினைபுரிந்து வெண்ணிறத் திண்மத்தைத் தந்தது. பகுப்பாய்வைத் திரும்பத் திரும்பச் செய்தும் கார்பன், ஹைட்ரஜன் அளவுகளின் கூட்டுத்தொகை 100 விழுக்காட்டை எட்டவில்லை. ஏறத்தாழ 6 குறைந்தது. பிழை கணக்கில் இல்லை, காற்றிலிருந்து ஆக்சிஜன் நுழைந்து பெராக்சைடு உருவாகியிருந்தது. காற்றை விலக்கி, கார்பன் டைஆக்சைடு சூழலில் செய்தபோது மஞ்சள் நிறக் கரைசல் கிடைத்தது. அது ஆக்சிஜனையும் அயோடினையும் உடனே பற்றிக்கொண்டது. டிரைஃபீனைல்மெத்தில் தனி உறுப்பே இது என்று 1900இல் அறிவித்தார். தனி உறுப்பு வேதியியல் இவரிடமிருந்தே தொடங்குகிறது.

மூன்று பென்சீன் வளையங்களிலும் எலக்ட்ரான் பரவி நிற்பதாலும், அவ்வளையங்கள் நெருக்கித் தடுப்பதாலும் டிரைஃபீனைல்மெத்தில் தாக்குப்பிடிக்கிறது. கரைசலில் இதன் பெரும்பகுதி இரட்டை மூலக்கூறாகவே இருக்கும். அதன் அமைப்பு ஹெக்சாஃபீனைல் ஈத்தேன் அன்று. ஒரு வளையத்தின் நான்காம் கார்பன் வழியே பிணைந்த குயினாய்டு வடிவம். பால் ஜேக்கப்சன் 1905இலேயே இதைச் சொல்லியிருந்தும், 1968இல் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை வரும்வரை நூல்கள் பழைய வடிவத்தையே அச்சிட்டன. 

மெத்தில் போன்ற குறுகிய ஆயுளுடைய தனி உறுப்புகளை 1929இல் பெர்லினில் ஃபிரிட்ஸ் பானெத் காட்டினார். டெட்ராமெத்தில் ஈயத்தின் ஆவியைச் சூடாக்கியபோது பிறந்த மெத்தில், குழாயில் படிந்திருந்த ஈயப் பூச்சை அரித்து நீக்கியது. 1933இல் காரஷும் மாயோவும் பெராக்சைடு விளைவை அறிவித்தனர். ஹைட்ரஜன் புரோமைடு ஆல்கீன்களுடன் மார்கோவ்னிகாவ் விதிக்கு எதிராகச் சேர்வதற்குக் காரணம் பெராக்சைடிலிருந்து பிறக்கும் தனி உறுப்புகளே.

இன்று பாலித்தீன் தயாரிப்பிலும் ஒளிவேதி வினையூக்கத்திலும் தனி உறுப்புகள் பயன்படுகின்றன.