சுவர் அலமாரிக்கு என்ன பூசுவது?

மாப்பிள்ளை புது ஃபிளாட்டில் சுவரோடு சேர்த்து 14 அடி நீளத்துக்கு அலமாரி செய்கிறார். தச்சு வேலை முடிகிற சமயத்தில் போன் செய்து, "மாமா, மேல என்ன பூசலாம்? பி.யூ.வா, மெலமைனா, பழைய ஸ்பிரிட் பாலிஷா?" என்று கேட்டார். மூன்று நாள் அவகாசம் கேட்டேன். பழைய ஃபைலைப் புரட்டாமல் பதில் எழுதும் பழக்கம் குமாஸ்தாவுக்குக் கிடையாது.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். சுவரில் ஒட்டும் அறிவிப்பு, சுவருக்குள் பதித்த அலமாரி இரண்டுக்கும் பிரெஞ்சில் 'ப்ளகார்' என்ற ஒரே சொல்தான். இரண்டும் சுவரோடு ஒட்டியவை. மேசை, நாற்காலி போல இவற்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போக முடியாது. பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். அப்போது அங்கே சீன லாக்கர் மோகம். சீனாவில் செய்த தட்டிகள் நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகப் போனதால், அவற்றுக்கு 'கோரமண்டல் லாக்கர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த மரப்பால் ஐரோப்பாவில் கிடைக்காது. அதற்கு மாற்றாக வார்னிஷ் செய்து பேரெடுத்தவர்கள் பாரிஸைச் சேர்ந்த மர்த்தேன் சகோதரர்கள்.

ஆனால் அறை முழுக்கச் சுவரில் பதித்த பலகைகளுக்குப் பெரும்பாலும் வண்ணம்தான் அடித்தார்கள். ஓக் மரமானால் மெழுகு தேய்ப்பதும் உண்டு. 1770-களில் வாத்தேன் என்பவர் பூச்சு வேலை பற்றி எழுதிய நூலில் 'ஷிப்போலேன்' என்ற முறையை விவரிக்கிறார். முதலில் பூண்டும் மாசிபத்திரி இனத்து இலையும் வேகவைத்த நீரில் கலந்த தோல் பசை. அதன்மேல் பல கை வெள்ளைச் சுண்ணம். தேய்த்து வழவழப்பாக்கி வண்ணம். கடைசியில் ஸ்பிரிட் வார்னிஷ். எல்லாமே வேலை நடக்கும் அறையிலேயே, கையால் செய்யக்கூடியவை.

'பிரெஞ்சு பாலிஷ்' பரவியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பெயர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது. நம் நாட்டுக் காடுகளில் புரசு, இலந்தை மரங்களில் பூச்சிகள் விடும் பிசினே அரக்கு. அதை உருக்கி அவலரக்காக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் மெல்ல மெல்லத் தேய்ப்பார்கள். ஆள்கூலி அதிகம், நாளும் அதிகம். அதனால்தான் 1920-களில் நிமிடங்களில் காயும் நைட்ரோசெல்லுலோஸ் ஸ்பிரே வந்ததும் தொழிற்சாலைகள் அதற்குத் தாவின. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார். இன்றைய பி.யூ. அதன் வழி வந்ததுதான்.

பி.யூ. கெட்டியானது. தண்ணீர், சூடு எதற்கும் அசையாது. அரக்கின் மேல் ஈர டம்ளர் வைத்தாலே வெள்ளை வட்டம் விழும். ஆனால் அரக்கில் புதுக் கை தேய்த்தால் பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பி.யூ. அப்படி இளகாது. உரிந்தால் பெரும்பாலும் அந்தக் கதவு முழுவதையும் தேய்த்தாக வேண்டும்.

இது நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம். எங்கள் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அப்பா செய்த தேக்கு அலமாரி இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்து பொங்கலுக்கு முன் ஸ்பிரிட் பாலிஷ் போடுவார். பெண்ணின் கல்யாணத்தின்போது, பளபளப்பாக இருக்கட்டுமே என்று அதற்கு பி.யூ. அடிக்கச் சொன்னேன். அரக்கின் மேல் அது சரியாகப் பிடிக்காதென்று பாலிஷ்காரர் மெஷின் வைத்து உள்ளும் புறமும் மரம் தெரியத் தேய்த்தார். நான் ஆபீஸில் இருந்தேன். மாலை வந்து கதவைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் எங்கள் ஐந்து பேர் பிறந்த தேதியையும் நேரத்தையும் அப்பா பென்சிலால் பிரெஞ்சில் எழுதியிருந்தார். அரக்குக்கு அடியில் அரை நூற்றாண்டு அழியாமல் இருந்த எழுத்து அது. தூளாகத் தரையில் கிடந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. எழுத்து இருக்கிறது, தொடாதே என்று நான்தானே சொல்லியிருக்க வேண்டும்? ஊராரின் பிறப்புப் பதிவேடுகளை வருஷக்கணக்கில் கட்டிக் காத்தவன் நான்.

இரண்டாவது மழைக்காலத்தில் சுவரின் ஈரம் ஏறி, பி.யூ. வெள்ளை வெள்ளையாகப் பூத்து உரிந்தது தனிக்கதை.

மாப்பிள்ளைக்கு எழுதிய பதில் இதுதான்: சமையலறைப் பக்கம் பி.யூ. போடுங்கள், தண்ணீரும் சூடும் படும் இடம். கூடத்துக் கதவுகளுக்கு ஸ்பிரிட் பாலிஷ், ஆனால் மழை நாளில் வேண்டாம், பூத்துவிடும். உட்புறத்துக்கும் அரக்கே போதும். எண்ணெய் வார்னிஷ் அடித்தால் மூடிய அலமாரியில் வாடை மாதக்கணக்கில் போகாது. சுவரில் ஒட்டும் பின்பலகைக்கும் மாட்டுவதற்கு முன்பே ஒரு கை பூசிவிடுங்கள்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். பூசுவதற்கு முன், உள்பக்கம் பேரன் பிறந்த தேதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.