வாத்தியார் இல்லாத வகுப்பு

எங்கள் பாடசாலையின் பழைய அலுமாரியைச் சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒதுக்கினோம். கறையான் தின்றது போக ஒரு சேர்விடாப்பும் ஒரு சம்பவத் திரட்டும் தப்பியிருந்தன. சேர்விடாப்பில் 'விலகிய காரணம்' என்றொரு நிரல் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு நேரே 'வயல் வேலை', 'மாடு மேய்த்தல்'. பெண்பிள்ளைகளுக்கு நேரே 'பெரிய பிள்ளையானமை'. என் மூத்தவாப்பாவின் பெயரையும் அங்கே கண்டேன். மூன்றாம் வகுப்போடு விலகியிருக்கிறார். அவருக்கு நேரே 'ஆசிரியர் இன்மை' என்று எழுதியிருந்தது. அதே பக்கத்தில் இன்னும் ஏழு பிள்ளைகளுக்கும் அதுவே காரணம்.

நம் சமூகம் கல்வியில் பின்தங்கியது ஏன் என்று பேசும்போது பெற்றோரின் அக்கறையின்மை, ஆங்கிலத்தின் மீதிருந்த வெறுப்பு, மிஷனரிப் பாடசாலைகள் பற்றிய பயம் ஆகியவற்றையே வழமையாகச் சொல்கிறோம். மீலாத் மேடைகளில் நானும் சொல்லியிருக்கிறேன். அவை பொய்யல்ல. ஆனால் இந்த இடாப்பு வேறொரு கதையையும் சொல்கிறது. பிள்ளை வந்திருக்கிறது, வாத்தியார்தான் வரவில்லை.

அறிஞர் சித்திலெப்பையிலிருந்து தொடங்கலாம். 1838இல் கண்டியில் பிறந்த அவர் தொழிலால் சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று ஓயாமல் எழுதினார். மறுவருடம் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவையும் அந்த முயற்சியில் சேர்த்துக்கொண்டார். கொழும்பில் 1884இல் ஆரம்பித்த பாடசாலை நின்றுபிடிக்கவில்லை. 1892இல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி, வாப்பிச்சி மரைக்காரின் கைகொடுப்புடன் தோன்றிய மத்ரஸாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. வாப்பிச்சி மரைக்கார் யார்? கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர். கட்டடம் எழுப்ப அன்றே நம்மிடம் ஆளிருந்தது. சித்திலெப்பை பாடநூல்களைத் தாமே எழுதினார் என்பதையும், கண்டியில் தொடங்கிய பெண்பிள்ளைகளின் பாடசாலையைத் தம் சகோதரியின் பொறுப்பில் விட்டார் என்பதையும் அவருடைய தியாகத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். படிப்பிக்க வேறு ஆள் கிடைக்காத ஒரு மனிதரின் தவிப்பாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

மருதானை மத்ரஸா பெயர் சொல்லும் கல்லூரியாவதற்கு ஏறத்தாழ முப்பது வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1921இல் டி.பி. ஜாயா அதிபராக வந்தார். பிற கல்லூரிகளில் படிப்பித்துத் தொழிலைக் கற்றவர் அவர். 1947வரை அங்கிருந்தார். அவருக்குப் பின், 1948இல், மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

அஸீஸைப் பற்றிக் கிழக்கு மாகாணத்தான் ஒருவன் சற்று அதிகமாகவே பேசலாம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, இந்துக் கல்லூரியில் படித்து, 1935இல் சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம். உலக யுத்தத்தின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1942இல், நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல்லுக்கு வந்தவர் எங்கள் பிள்ளைகளைக் கண்டார். சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் உண்டானதும் அந்நாட்களிலேதான். கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கம் அமைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அவர் முயற்சியால் உருவானது. பிறகு சிவில் சேவையையே விட்டுவிட்டு ஸாஹிராவுக்கு அதிபராகப் போனார். சிவில் சேவையிலிருந்து வாத்தியார் வேலைக்கு! இன்று என் மாணவன் ஒருவன் அப்படிச் செய்யப் புறப்பட்டால் நானே தடுப்பேன் என்று நினைக்கிறேன். 1961வரையான அவருடைய காலத்தில் அங்கே படித்து, பின்னர் அங்கேயே படிப்பித்தவர்களுள் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியும் ஒருவர்.

இது கொழும்பின் கதை. கிராமத்துக்கு என்ன வந்தது?

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பணம் கட்டவேண்டிய கவலை ஒழிந்தது. ஆனால் இலவசமாகப் படிப்பதற்கும் படிப்பிக்க ஒருவர் வேண்டுமே. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிலிருந்து முஸ்லிம் ஆசிரியர்கள் சிறுகச் சிறுக வெளிவந்தார்கள். இடைவெளியை நிரப்பியவர்கள் தமிழ் ஆசிரியர்கள். இதை நாம் போதியளவு எழுதவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் வந்து, எங்கள் ஊர்களிலேயே அறை எடுத்துத் தங்கி, எங்கள் வாப்பாமாருக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். பதியுதீன் மஹ்மூத் 1960இலும் மீண்டும் 1970இலும் கல்வி அமைச்சரானபோது முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள் பெருகின, மௌலவி ஆசிரியர்களும் பாடசாலைக்குள் வந்தார்கள். நன்றி மறக்கக்கூடாத சேவை. ஆயினும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எங்கள் ஊர் தமிழ் ஆசிரியர்களையே நம்பியிருந்தது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனதில் அது ஏற்படுத்திய காயம் வேறு கதை. எங்கள் பக்கத்துக்கு அது திறந்துவிட்ட கதவு என்றார்கள். விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலையின் பிள்ளை அந்தக் கதவருகே போவது எப்படி?

எங்கள் வீட்டிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. காக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்குக் கணிதம் படிப்பித்தவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு மாஸ்டர். மழைக்காலத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தோளில் தூக்கி வாய்க்காலைக் கடப்பார் என்று காக்கா இன்றும் சொல்வார். 1989 டிசம்பரில் காக்கா சாதாரண தரம் எழுதினார். கணிதத்தில் விசேட சித்தி. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கிராமங்களிலும் மக்கள் கொல்லப்பட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நாங்களும் போகவில்லை, இந்தப்பக்கம் அவர்களும் வரவில்லை. மாஸ்டரும் வரவில்லை.

1991இல் நான் ஆறாம் ஆண்டுக்கு ஏறினேன். சாதாரண தரம்வரை கணிதத்துக்கு நிரந்தரமாக ஒருவரும் எங்களுக்கு இருக்கவில்லை. பாடநேரத்தில் பந்தடிப்போம். பரீட்சையில் எனக்குச் சாதாரண சித்தி, அதுவும் அல்லாஹ்வின் கிருபை. காக்கா வெளியூரில் கணிதப் பிரிவில் படித்து நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தரானார். நான் கலைப்பிரிவு. ஒரே உம்மாவின் சோற்றைத் தின்று, ஒரே குப்பி விளக்கில் படித்தவர்கள்தாம் இருவரும். புத்தியில் அவர் என்னைவிடப் பெரிய ஆளுமல்ல. அவருக்கும் அது தெரியும்.

பின்னர் தொண்டராசிரியராகச் சேர்ந்து, நியமனம் கிடைத்து, ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் தமிழ் பயின்றேன். திரும்பி வந்தபோது பாடசாலையில் மீண்டும் கணித ஆசிரியர் இல்லை. "நீங்கதான் கொஞ்சம் பாருங்க மாஸ்டர்" என்றார் அதிபர். நேரசூசியில் வெற்றிடம் காட்டக்கூடாது என்பதுதான் அப்போதைய அவசரம். ஒன்பதாம் தரத்துக்கு நான்கு வருடம் கணிதம் எடுத்தேன். இரவில் வழிகாட்டி நூலைப் பார்த்துப் பாடக்குறிப்பு எழுதி, காலையில் அதையே கரும்பலகையில் எழுதுவேன். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். பெருநாளைக்குக் காணும்போது "சேர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

சென்ற தவணை எங்களுக்குக் கணிதத்துக்கு ஒரு ரீச்சர் நியமனமாகி வந்தார், வாய்க்காலுக்கு அப்பாலுள்ள அதே தமிழ்க் கிராமத்திலிருந்து. உதவியாக இருக்கட்டுமே என்று என் பழைய பாடக்குறிப்புக் கொப்பிகளைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, ஆசிரியர் அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, "சேர், இதில ஒரு செய்கை பிழையா இருக்குது" என்றார் மெதுவாக. இருபது சதவீத இலாபத்துக்கு 1200 ரூபாவாக விற்ற பொருளின் வாங்கிய விலையைக் காண, 1200இலேயே இருபது சதவீதத்தைக் கழித்து 960 என்று எழுதியிருந்தேன். விடை 1000.

அன்று பின்னேரம் அந்த நான்கு வருடங்களின் வரவு இடாப்புகளை எடுத்துப் பெயர்களை எண்ணினேன். நூற்றுப் பதினொன்று.