வெளியே நின்ற பையன்கள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரமான புக்கிட் மேரா என்றால் மலாய் மொழியில் செங்குன்று. ஒரு காலத்தில் கடலிலிருந்து வாள்மீன்கள் பாய்ந்து வந்து கரையில் இருந்தவர்களைக் குத்திக் கொன்றனவாம். வாழைத்தண்டுகளை நட்டு வேலி போடச் சொன்னான் ஒரு சிறுவன். மீன்களின் அலகு அதில் சிக்கிக்கொண்டது. இத்தனை அறிவுள்ளவன் வளர்ந்தால் நமக்கு ஆபத்து என்று அரசன் அவனைக் கொல்ல ஆளனுப்பினான். அந்த ரத்தத்தில்தான் குன்று சிவந்ததாம். எங்கள் வட்டாரத்துப் பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு இந்தக் கதைதான் முதலில் நினைவுக்கு வரும்.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று அதே வட்டாரத்தில் புக்கிட் ஹோ சுவீயின் அத்தாப்பு ஓலைக் குடிசைகள் நிறைந்த கம்பம் எரிந்தது. நால்வர் இறந்தார்கள், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். முந்தின ஆண்டுதான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அந்த மண்ணிலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. நாங்கள் பின்னால் வந்தவர்கள். ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்குச் சில மாதங்களில் அதுவும் இழுபறிதான்.

ஓரறையில் நாங்கள் ஏழு பேர். இரவு வேலை முடிந்து அப்பா பகலில் தூங்குவார். அவர் படுத்தால் நாங்கள் வெளியே. "சத்தம் போடாமக் கீழ போங்கடா" என்று அம்மா கதவைச் சாத்துவார். மழை பெய்தால் மாடிப்படி. புழுக்கமான இரவுகளில் தாழ்வாரத்தில் பாய். பக்கத்து வீட்டுச் சீனப் பையன்களின் பாயும் எங்கள் பாயும் ஒட்டியே கிடக்கும்.

கும்பல்காரர்கள் எங்களைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. கோப்பிக்கடையில் ஒரு தட்டு மீ வாங்கிக் கொடுத்தால் போதும். கம்பத்தில் இருந்த குண்டர் கும்பல் ஜனங்களோடு சேர்ந்து மாடியேறிவிட்டது. 1955இல் வந்த குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், 1958 திருத்தத்துக்குப் பின் கும்பல்காரர்களை விசாரணையின்றித் தடுத்துவைக்க வழிவிட்டது. அதன் நிழல் எங்கள் மீதும் விழுந்தது. படிக்கட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே "எந்தக் கும்பல்?" என்பார்கள். உள்ளே உட்கார இடமில்லாமல் நிற்கிறோம் என்று யாரிடம் சொல்வது?

சிக்காகோவை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் ஷா, மெக்கே இருவரும் 1942இல் வெளியிட்ட நூலில் இதையொத்த ஒன்றைச் சொன்னார்கள்: சில வட்டாரங்களில் குடியேறும் இனங்கள் மாறிக்கொண்டே இருந்தும், சிறார் குற்றம் மட்டும் உயர்ந்தே இருந்தது. எங்கள் ஊரில் சீனப் பையன் மோசமா, இந்தியப் பையன் மோசமா என்று பெரியவர்கள் வாதிட்டார்கள். தாழ்வாரம் ஒன்றுதான் என்பது பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. அது தோன்றிய சிலர் 1969இல் புக்கிட் ஹோ சுவீயிலேயே ஒரு சமூகசேவைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றைய 'பியாண்ட் சோஷியல் சர்வீசஸ்' அமைப்பின் வேர் அதுதான்.

பள்ளி முடித்து வேலை தேடிப் போனபோது, ஓர் அலுவலகத்தில் என் முகவரியைப் படித்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அடுத்த மனுவில் சிராங்கூன் ரோட்டு மாமா வீட்டு முகவரியை எழுதினேன். வேலை கிடைத்தது. அலுவலகக் கடிதங்களை மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவருவார்.