அமோனியம் நைத்திரேற்று: பசளைக் களஞ்சியமும் மூடிய கப்பலறையும்

கைத்தொழில் யுகத்தின் வரலாற்றை எழுதுவோர் நீராவி எந்திரம், நிலக்கரி, உருக்கு என்பவற்றுக்கு அளிக்கும் இடத்தை வயலுக்கு இடப்படும் பசளைக்கு அளிப்பது அரிது. எனினும், இருபதாம் நூற்றாண்டின் உணவு உற்பத்தியையும் போர்க்களங்களையும் ஒருங்கே மாற்றியமைத்த பொருள்களுள் அமோனியம் நைத்திரேற்று என்னும் வெண்ணிற உப்பு முதன்மையானது. 1659 ஆம் ஆண்டளவில் யோகான் கிளவுபர் இதனை முதன்முதலில் ஆக்கினார். ஆயினும், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே இது மலைபோற் குவிக்கப்படும் பண்டமாயிற்று. அதன் பின்னர் நிகழ்ந்த பேரழிவுகளை நோக்குமிடத்து, அவற்றை வெறும் அறியாமையின் விளைவு என்று கூறி அமைந்துவிட முடியாது. ஆய்வுகூடத்தில் அறியப்பட்டது துறைமுகத்தைச் சென்றடையாமற் போனமையே பலவிடத்தும் உயிர்களைக் காவுகொண்டது.

இவ்வுப்பின் இயல்பை ஈண்டு சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். அமோனியம் நைத்திரேற்று ஓர் ஒட்சியேற்றி. அதாவது, தான் எரியாதெனினும் பிறபொருள் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளே கொண்டிருப்பது. ஏறத்தாழ 170 பாகை செல்சியசில் உருகும் இது, மேலும் வெப்பமேற்றப்படுங்கால் பிரிகையடைந்து வாயுக்களை வெளிவிடும். திறந்த வெளியிற் சிறிதளவாக இருப்பின் அவ்வாயுக்கள் கலைந்து போகும். பெருங்குவியலாய், மூடிய இடத்தில், எண்ணெய், மெழுகு, கடதாசி போன்றவற்றோடு கலந்து கிடப்பின் வெப்பமும் அமுக்கமும் ஒன்றையொன்று வளர்த்து வெடிப்பில் முடியலாம். விறகோ பஞ்சோ எரியும்போது காற்றை அடைத்தால் தீ அவியும். ஒட்சியேற்றி கலந்த தீயோ காற்றை எதிர்பார்த்து நிற்பதில்லை. இந்த ஒரு வேறுபாடே பின்வரும் வரலாற்றின் மையமாகும்.

1909 இல் பிரிட்சு ஏபர் காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியாவைத் தொகுத்துக் காட்டினார். கார்ல் பொஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913 இல் ஜேர்மனியின் ஒப்பாவு என்னுமிடத்தில் பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. மறு ஆண்டில் உலகப் போர் மூண்டது. சிலி நாட்டு வெடியுப்பு கடல்வழியே வருவது தடைப்பட, பயிருக்கென எழுந்த ஆலையின் அமோனியா வெடிமருந்துக்குரிய நைத்திரிக்கமிலமாக மாற்றப்பட்டது. போர் ஓய்ந்ததும் அதே ஆலை மீண்டும் பசளைக்குத் திரும்பிற்று. அமோனியம் சல்பேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் சேர்ந்த கலப்புப்பு அதன் விளைபொருள்களுள் ஒன்று.

இக்கலப்புப்பு ஈரத்தை உறிஞ்சிக் களஞ்சியத்திற் பாறைபோல் இறுகும். மண்வெட்டிக்கு இளகாத அதனை உடைப்பதற்கு ஆலையினர் கையாண்ட வழி இன்று வியப்பைத் தருவது: குவியலிலே துளையிட்டுச் சிறு வெடிகளை வைத்து இளக்கினர். நைத்திரேற்று 60 வீதத்துக்குக் குறைவாயிருப்பின் கலவை வெடியாது என்று பரிசோதனைகள் காட்டியிருந்தன. 20,000 தடவைக்கு மேலாக எவ்விதத் தீங்குமின்றி வெடி வைக்கப்பட்டிருந்தது. எனவே, இதனை மடமை என இகழ்வது எளிதாயினும் நேர்மையன்று. ஆனால், 1921 இன் தொடக்கத்தில் உலர்த்தும் முறை மாற்றப்பட்டதனால் உப்பின் ஈரமும் அடர்த்தியும் குறைந்தன. குவியலின் சில பகுதிகளில் நைத்திரேற்று மிகுந்து சேர்ந்தது. பழைய பரிசோதனைகள் பழைய உப்புக்கு உரியவை என்பதை எவரும் எண்ணிப்பார்த்திலர். அவ்வாண்டு யூலையில் மேற் சிலேசியாவின் கிரீவால்ட் என்னுமிடத்தில் புகைவண்டிப் பெட்டிகளில் இறுகிய அமோனியம் நைத்திரேற்றை வெடிவைத்து இளக்க முயன்றபோது 19 பேர் மாண்டனர். அந்த எச்சரிக்கையும் ஒப்பாவின் வழக்கத்தை மாற்றவில்லை.

1921 செத்தெம்பர் 21 ஆம் நாள் காலை 7.32 மணிக்கு ஒப்பாவுக் களஞ்சியம் வெடித்தது. அங்கிருந்த 4,500 தொன் உப்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே வெடித்ததெனக் கணிக்கப்பட்டது. அதுவே 500 க்கு மேற்பட்டோரைக் கொன்று, ஊரின் வீடுகளிற் பெரும்பாலானவற்றைத் தரைமட்டமாக்கி, 19 மீற்றர் ஆழமான பள்ளத்தை விட்டுச் சென்றது. வெடியோசை தொலைவிலுள்ள மியூனிக்கிலும் கேட்டது.

ஒப்பாவு கற்பித்த பாடம் ஒன்று: இறுகிய உப்பை வெடிவைத்து இளக்கலாகாது. அப்பாடம் கற்கப்பட்டது. ஆனால், தீயைப் பற்றிய பாடத்தை ஒப்பாவு கற்பிக்கவில்லை. அதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், பசியால் வாடிய ஐரோப்பாவுக்குப் பசளை அனுப்புவதற்காக ஐக்கிய அமெரிக்க அரசு தன் போர்த்தளவாட ஆலைகள் சிலவற்றை அமோனியம் நைத்திரேற்று ஆக்கத்துக்குத் திருப்பியது. உப்பு இறுகாதிருக்கும்பொருட்டு அதன் மணிகளுக்கு மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த பூச்சிடப்பட்டது. இறுகலைத் தவிர்க்க இடப்பட்ட அப்பூச்சு எரிபொருளும் ஆயிற்று! கடதாசிச் சாக்குகளிற் சூடாறாமலே பொதியப்பட்ட உப்பு ரெக்சாஸ் சிற்றித் துறைமுகத்தில் 'கிராண்ட்காம்ப்' என்னும் பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றப்பட்டது. சாக்குகளின் மீது பசளை என்றே எழுதப்பட்டிருந்தது. வெடி அபாயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1947 ஏப்பிரல் 16 ஆம் நாள் காலை எட்டு மணியளவிற் கப்பலறையில் புகை காணப்பட்டது. முதலிற் குடிநீர்க் குடுவையைக் கவிழ்த்தனர்; பின்னர்ச் சிறு தீயணைப்பான்களைப் பயன்படுத்தினர். குழாய்நீர் பாய்ச்சினால் சரக்குப் பழுதாகும் என்று அது தடுக்கப்பட்டது. கப்பலறையின் வாயை மூடி, உள்ளே நீராவியைச் செலுத்துமாறு தலைவர் பணித்தார். பருத்தியோ நிலக்கரியோ ஏற்றிய கப்பலுக்கு இது கடலோடிகளின் வழமையான, தக்க முறையே. இங்கு அதுவே கேடாயிற்று. காற்றை அடைத்தமை தீயை அவிக்கவில்லை. நீராவி உப்பை மேலும் சூடாக்கியது. மூடிய வாய் வாயுக்களைச் சிறைப்படுத்தியது. செம்மஞ்சள் நிறப் புகையைக் காண மக்கள் கரையிற் கூடினர். 9.12 மணிக்குக் கப்பல் வெடித்தது. நகரின் தொண்டர் தீயணைப்புப் படையினர் 28 பேரில் 27 பேர் அவ்விடத்திலேயே மாண்டனர். மறுநாள் அதிகாலையில், அருகே கந்தகத்தோடு அமோனியம் நைத்திரேற்றையும் ஏற்றி நின்ற 'ஹை பிளையர்' என்னும் கப்பலும் வெடித்தது. மாண்டோர் தொகை குறைந்தது 581.

மூன்று மாதங்கள் கழிந்து, யூலை 28 இல், பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் 'ஓஷன் லிபேட்டி' என்னும் கப்பலில் அதே உப்பிலே தீ மூண்டது. அங்கும் அறை மூடப்பட்டது; அங்கும் நீராவி செலுத்தப்பட்டது; அதுவும் வெடித்தது. செய்தித்தாள் வழியாக உலகமே ரெக்சாஸ் சிற்றியின் கதையை அறிந்திருந்தும், கப்பலறை வாயில் நிற்பவன் என்ன செய்யலாகாது என்பது அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

இறந்தோரின் உறவினர் அமெரிக்க அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 1953 இல் உயர்நீதிமன்றம், பசளைத் திட்டம் அரசின் தற்றுணிபுக்கு உட்பட்ட தீர்மானம் ஆதலின் நட்டஈட்டுக்குப் பொறுப்பில்லை என நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. மாறுபட்ட நீதியரசர் ஜாக்சனோ இவ்வழிவு இயற்கையின் செயலன்று, மனிதராக்கியது என வாதிட்டார். அபாயத்தை அறியும் ஆற்றல் ஆக்கியோனிடமே உண்டு, சாக்கைச் சுமக்கும் தொழிலாளியிடம் இல்லை என்பதனால் ஜாக்சனின் நிலைப்பாடே ஏற்புடையது எனலாம். 1955 இல் காங்கிரஸ் தனிச்சட்டமொன்றின் மூலம் நட்டஈடு வழங்க முன்வந்தது.

இன்று சர்வதேசக் கடற்போக்குவரத்து விதிகள் இதனை ஒட்சியேற்றி வகுப்பிற் சேர்த்துள்ளன. எண்ணெய், கந்தகம், மரத்தூள், குளோரின் சேர்வைகள் ஆகியவற்றினின்றும் விலக்கி வைத்தல், வெப்பத்தை அணுகவிடாமை, தீ மூண்டால் அறையைத் திறந்து பெருமளவு நீர் பாய்ச்சுதல், நீராவியை அறவே தவிர்த்தல், தீ கட்டுமீறின் மக்களை அகற்றுதல் என்பன அவற்றின் சாரம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இடுகாடு உண்டு.

விதிகள் எழுதப்பட்ட பின்னரும் களஞ்சியங்கள் மறக்கப்பட்டன. ஒப்பாவுக்குச் சரியாக 80 ஆண்டுகளின் பின்னர், 2001 செத்தெம்பர் 21 இல், பிரான்சின் தூலூசில் தரங்குறைந்ததென ஒதுக்கிய சில நூறு தொன் வெடித்து 31 பேர் மாண்டனர். பெய்ரூத்திலோ, 2013 இல் வந்த கப்பலொன்றின் 2,750 தொன் உப்புத் துறைமுகக் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கிற் கிடந்து, 2020 ஓகத்து 4 இல் வெடித்து 200 க்கு மேற்பட்டோரைக் கொன்றது. களஞ்சியத்தில் என்ன இருந்ததென்பதை அறியாமலே அனுப்பப்பட்ட பத்துப் பேர் கொண்ட தீயணைப்புக் குழு முழுவதும் மாண்டது. அதன் பின்னரே, 2015 இற் சுங்கத்தினர் கைப்பற்றிச் சென்னை மணலியில் வைத்திருந்த ஏறத்தாழ 700 தொன் உப்பின் மீது கவனம் சென்றது. சில நாள்களில் அது ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது.

இலங்கையின் அனுபவம் இவ்வுப்போடன்றி, இதன் மூலப்பொருளாகிய நைத்திரிக்கமிலத்தோடு தொடர்புடையது. அதுவும் வலிய ஒட்சியேற்றியே. 2021 மே 20 இற் கொழும்புக்கு அண்மையில் தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பல் 25 தொன் நைத்திரிக்கமிலத்தை ஏற்றி வந்தது. தீக்கு அதன் கசிவே காரணமெனப் பரவலாகக் கருதப்படுகிறது. எரிந்த கொள்கலன்களிலிருந்து சிந்திய பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையோரம் எங்கும் ஒதுங்கின. மீனவரின் தொழில் முடங்கியது. அமிலக் கசிவு கப்பல் கொழும்பை அடையுமுன்னரே அறியப்பட்டிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராத் துறைமுகமும் அக்கொள்கலனை இறக்க இணங்கவில்லை.